விற்க மனம் வராத பெட்டி

கிட்டார் வாசிக்கும் ஒருவரிடம், “உங்களிடம் இருப்பதில் எதை விற்கவே மாட்டீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். கிட்டாரைத்தான் சொல்வார் என்று எதிர்பார்ப்போம். பலர் காட்டுவது மூலையில் கிடக்கும் கனமான கறுப்புப் பெட்டியை. அதுதான் ஆம்ப்ளிஃபயர், சுருக்கமாக ஆம்ப். இரண்டு கிட்டாரை மாற்றியிருப்பார், மூன்று வீடு மாறியிருப்பார், ஆம்ப் மட்டும் கூடவே வந்திருக்கும்.

தெலுக் பங்லிமா காராங், பந்திங், கிள்ளான் பக்கம் பழைய வீடுகளின் சாமான் அறைகளில் இப்படிப்பட்ட பெட்டிகள் இன்னும் இருக்கின்றன. தோட்டத்துக் கல்யாணம், கோயில் திருவிழா, தீபாவளி கலைநிகழ்ச்சி என்று உள்ளூர் இசைக்குழுக்கள் லோரியில் ஏற்றிக்கொண்டு போன பெட்டிகள் அவை. வாசித்தவருக்கு வயதாகிவிட்டது. “என்னங்க, இந்தப் பெட்டி இன்னும் வேணுமா?” என்ற கேள்வி வீட்டில் அடிக்கடி எழும். வாசலில் ‘சூராட் காபார் லாமா’ லோரி கூவிக்கொண்டு போகும்போது அந்தக் கேள்வி இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்கும். அந்த லோரியை நிறுத்துவதற்கு முன், அந்தப் பெட்டி என்ன வேலை செய்தது என்று தெரிந்துகொள்வது நல்லது.

வீணைக்குக் குடம் இருக்கிறது. தந்தியின் அதிர்வை வாங்கிப் பெரிதாக்கி, அதற்கொரு குரல் கொடுப்பது குடம்தான். எலக்ட்ரிக் கிட்டாருக்குக் குடம் கிடையாது. பெரும்பாலும் திடமான மரப்பலகை. ஆம்ப் இல்லாமல் வாசித்தால் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. அதன் குடம் வெளியே, ஒரு வயரின் மறுமுனையில் இருக்கிறது. எனவே ஆம்ப் என்பது சத்தத்தைக் கூட்டும் துணைக்கருவி மட்டுமல்ல, வாத்தியத்தில் பாதி. நாதஸ்வர வித்துவான் தன் சீவாளியை இன்னொருவரிடம் கொடுக்கத் தயங்குவது போலத்தான் இதுவும்.

பழைய ஆம்புகள் பெரும்பாலும் வால்வு வகை. தாத்தா காலத்து வால்வு ரேடியோவில் மினுக்கிய அதே கண்ணாடிக் குழாய்கள்தான். சுவிட்சைத் தட்டியதும் சத்தம் வராது. வால்வு சூடேற அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். உறுமி மேளக்காரர்கள் வாசிப்பதற்கு முன் தோலைப் பதப்படுத்துவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் காத்திருப்பு புதிதல்ல.

வால்வுக்கு ஒரு குணம் உண்டு. மெல்ல வாசித்தால் தெளிவாகப் பேசும். அழுத்தி வாசித்தால், தாங்கும் அளவைத் தாண்டியதும் ஒலி அலையின் உச்சி மெதுவாக மழுங்கும். அதுதான் நாம் ராக் பாடல்களில் கேட்கும் கரகரப்பு. கணக்குப்படி பார்த்தால் அது கருவியின் குறை. வாசிப்பவருக்கோ அது குரல். எவ்வளவு அழுத்தினால் எந்த இடத்தில் குரல் உடையும் என்பது ஆம்புக்கு ஆம்ப் மாறும். வருடக்கணக்கில் ஒரே ஆம்பில் வாசித்தவரின் விரல் அந்த இடத்தைத் தானாகவே தெரிந்து வைத்திருக்கும். ஆம்பை மாற்றினால் விரல் மறுபடியும் பள்ளிக்கூடம் போகவேண்டும்.

நம் வட்டாரத்தில் இந்தக் கதை தொடங்கிய காலமும் சுவையானது. 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூர் வந்து வாசித்தார்கள். அதன் பிறகு மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கிட்டார் குழுக்கள் முளைத்தன. ‘குகிரான்’ என்று மலாய் மொழியில் பெயர் பெற்ற அந்தக் குழுக்களின் இசைதான் ‘பாப் யே யே’. எல்லா இனத்து இளைஞர்களும் அந்த அலையில் கிட்டாரைக் கையில் எடுத்தார்கள். பினாங்கிலிருந்து புறப்பட்டு நாடறிந்த எலிகேட்ஸ் குழுவின் டேவிட், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்களும் அந்தத் தலைமுறைதான்.

ஷேடோஸ் குழுவின் பின்னால் நின்ற ஆம்ப் இங்கிலாந்தின் வோக்ஸ். முதலில் 15 வாட் ‘ஏசி 15’ வைத்திருந்தார்கள். ரசிகர்களின் கூச்சலில் அது மூழ்கிப்போனது. கூடுதல் சக்தி தேவைப்பட்டதில் பிறந்ததுதான் 30 வாட் ‘ஏசி 30’. பின்னாளில் பீட்டில்ஸ் வாசித்ததும் வோக்ஸ் ஆம்புகளில்தான். குவீன் குழுவின் பிரையன் மே இன்றுவரை ஏசி 30ஐ விடவில்லை. முப்பது கிலோவுக்கும் மேல் எடையுள்ள இந்தப் பெட்டியைத் தூக்கித் தூக்கி இடுப்பு வலி வந்தவர்களும் அதை விற்பதில்லை.

லண்டனில் வாத்தியக் கடை வைத்திருந்த டிரம்ஸ் கலைஞர் ஜிம் மார்ஷலின் கதை வேறு. அமெரிக்க ஃபெண்டர் ஆம்ப் இங்கிலாந்தில் விலை அதிகம். எனவே ஃபெண்டரின் ‘பாஸ்மேன்’ ஆம்பைப் பார்த்து, உள்ளூரில் கிடைத்த பாகங்களைக் கொண்டு 1962இல் அவரும் அவருடைய ஆட்களும் ஓர் ஆம்ப் செய்தார்கள். வரைபடம் ஏறத்தாழ ஒன்றுதான். பாகங்கள் வேறு என்பதால் சத்தமும் வேறாக வந்தது. அந்த வித்தியாசமே மார்ஷல் என்ற பெயராக நின்றுவிட்டது. ஒரே அரைப்புக் கல், ஒரே பக்குவம், மிளகாய் மட்டும் வேறு கடையில் வாங்கியது போல.

ஒருவர் ஏன் ஓர் ஆம்பை விடமாட்டார் என்பதற்கு நீல் யங்கைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. கனடாவில் பிறந்த இந்தப் பாடகர் 1967இல் சுமார் 50 டாலருக்கு ஒரு பழைய ஃபெண்டர் டீலக்ஸ் வாங்கினார். 1959இல் செய்தது, சிறியது, ஏறத்தாழ 15 வாட், மூன்றே மூன்று திருகுகள். அது பிடித்துப்போனதால், அதே வகை ஆம்புகளைப் பின்னர் நிறையவே வாங்கிப் பார்த்தார். எதுவும் அந்த முதல் பெட்டி போல ஒலிக்கவில்லை. திருகின் இடம் நூலளவு மாறினாலும் சத்தம் மாறுகிறது என்பதால், காலால் மிதித்தால் திருகைச் சரியான இடத்துக்குத் தானே திருப்பும் கருவி ஒன்றையும் அதற்காகச் செய்து வைத்திருக்கிறார். புது ஆம்ப் ஒரு கடையையே நிரப்பும் அளவுக்கு வாங்க வசதியுள்ளவர், அந்த 50 டாலர் பெட்டியோடுதான் மேடை ஏறுகிறார்.

இன்னொரு கதை நம் சாமான் அறைக்கு இன்னும் நெருக்கமானது. குவீன் குழுவின் பாஸ் கிட்டார் கலைஞர் ஜான் டீக்கன் மின்னணுவியல் படித்தவர். 1972இல் லண்டன் தெருவோரக் குப்பைத் தொட்டியில் ஒரு சர்க்யூட் பலகை கிடந்ததைப் பார்த்து எடுத்துவந்தார். ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டிக்குள் பொருத்தி, பேட்டரியில் ஓடும் ஆம்ப் ஆக்கினார். அதற்குத் திருகுகூடக் கிடையாது. பிரையன் மே அதில் தன் கிட்டாரைச் சொருகி வாசித்தபோது வயலின், ஊதுகுழல் போன்ற குரல்கள் வந்தன. குவீன் பாடல்களில் வாத்தியக் குழு வாசிப்பது போலக் கேட்கும் பல பகுதிகள் அந்தக் குப்பைத் தொட்டிப் பலகையின் வேலை.

வால்வு என்றால்தான் உசத்தி என்று நினைத்துவிட வேண்டாம். புளூஸ் மேதை பி.பி.கிங் பல ஆண்டுகள் விரும்பி வாசித்த ‘லேப் சீரீஸ் எல்5’ டிரான்சிஸ்டர் ஆம்ப்தான். ஜப்பானின் ரோலண்ட் 1975இல் கொண்டுவந்த ‘ஜேசி 120’ம் டிரான்சிஸ்டர்தான். அதில் இரண்டு ஸ்பீக்கர்கள். ஒன்று கிட்டாரின் ஒலியை அப்படியே தரும். மற்றது அதே ஒலியைத் துளி தாமதித்து, சுருதியை இலேசாக அசைத்துத் தரும். இரண்டும் அறையின் காற்றில் கலக்கும்போது இரண்டு பேர் சேர்ந்து வாசிப்பது போன்ற அலையடிக்கும் ஒலி கிடைக்கும். 80களின் பாடல்களில் கிட்டார் தண்ணீர்போல ஓடுவதைக் கேட்டிருப்பீர்களே, அந்த ரகம். கரகரப்பில்லாத தெளிவான ஒலியும், அடித்தாலும் உதைத்தாலும் தாங்கும் உடம்பும் இருப்பதால், நம் வட்டார ஜேமிங் ஸ்டூடியோக்களில் இன்றும் இதைக் காணலாம்.

சரி, நம் வீட்டுப் பெட்டிக்கு வருவோம். முதலில் ஓர் எச்சரிக்கை. பல வருடம் கிடந்த ஆம்பை ஆர்வத்தில் நேராகச் சுவரில் சொருகாதீர்கள். பின்புறத் தகட்டில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். நம் வீட்டு மின்சாரம் 230 முதல் 240 வோல்ட். ஜப்பானிலிருந்து பழைய சரக்காக வந்த ஆம்ப் 100 வோல்ட் என்றிருக்கும். அமெரிக்காவிலிருந்து வந்தது 120. நேராகச் சொருகினால் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் தனி டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதை வாங்கும்போது ஆம்பின் சத்த வாட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள். 30 வாட் வால்வு ஆம்ப் சுவரிலிருந்து 100 வாட்டுக்கும் மேல் இழுக்கும்.

இரண்டாவது எச்சரிக்கை உயிர் பற்றியது. வால்வு ஆம்பின் உள்ளே 400 வோல்ட்டும் அதற்கு மேலும் ஓடும். வயரைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் அந்த மின்சாரம் தேங்கி நிற்கும். யூடியூப் பார்த்துத் திறக்கும் வேலை இதுவல்ல. தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். அவர் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிச் சோதிப்பார். காய்ந்துபோன கெப்பாசிட்டரை மாற்றுவார். பழைய இரண்டு கம்பி வயர் இருந்தால் எர்த் உள்ள மூன்று கம்பி வயராக மாற்றச் சொல்லுங்கள். மேலும், ஸ்பீக்கர் வயர் கழன்ற நிலையில் வால்வு ஆம்பை ஒருபோதும் போடக்கூடாது. உள்ளேயுள்ள விலையுயர்ந்த டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

கடலோரக் காற்றும் ஈரமும் உள்ள நம் பகுதியில் இன்னொரு எதிரி துரு. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பில் பூஞ்சை படியும். சொருகும் துளைகளில் பாசி பிடிக்கும். நன்றாக ஓடும் ஆம்பை மாதம் ஒருமுறையாவது அரைமணி நேரம் போட்டு வாசியுங்கள். அந்தச் சூடே ஈரத்தை விரட்டும். சிமெண்டுத் தரையில் வைக்காமல் ஒரு பலகை மேல் வையுங்கள்.

வால்வு தேயும் பொருள். இன்று அதைப் பெரிய அளவில் செய்யும் நாடுகள் ரஷ்யா, சுலோவாக்கியா, சீனா எனச் சிலவே. 2022இல் ரஷ்ய வால்வு வரத்து தடைபட்டபோது உலகமெங்கும் விலை ஏறியது. வைத்திருப்பதற்குச் செலவு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அடுக்குமாடியில் இருக்கும் இளைஞர்களின் சிக்கல் வேறு. 30 வாட் ஆம்பின் குணம் வெளிப்படும் அளவுக்குத் திருகினால், மூன்று மாடிக்கு மேலிருந்து புகார் வரும். 15 வாட்டுக்கு மாறினாலும் பெரிய மாற்றமில்லை. சத்தம் காதுக்குப் பாதியாகத் தெரிய, சக்தி ஏறத்தாழ பத்தில் ஒன்றாகக் குறைய வேண்டும். எனவே அரை வாட் வரை குறைக்க வசதியுள்ள புது ஆம்புகள், ஹெட்ஃபோனில் வாசிக்கும் சின்ன ஆம்புகள் போதும். பழைய ஆம்பின் ஒலியைப் படியெடுத்து வைத்துக்கொள்ளும் கருவிகளும் வந்துவிட்டன. அப்பாவின் ஆம்ப் பழுதாகும் முன் அதன் குரலை அப்படிச் சேமித்து, இரவில் ஹெட்ஃபோனில் வாசிப்பது மகனாலும் மகளாலும் முடியும்.

எல்லாப் பழைய பெட்டியும் புதையல் அல்ல. மலிவாகச் செய்து, அன்றைக்கே இரைச்சலாக ஒலித்தவையும் உண்டு. வாசிக்காத ஆம்பை, வாசிக்கத் துடிக்கும் ஓர் இளைஞருக்குக் கொடுப்பதிலும் குற்றமில்லை. ஆனால் முடிவு செய்ய வேண்டியவர் லோரிக்காரர் அல்லர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெக்கானிக் சரி என்று சொன்ன பிறகு, அதில் வாசித்தவரையே அழைத்து உட்கார வையுங்கள். அப்பாவோ, மாமாவோ, சித்தப்பாவோ. ‘இளைய நிலா’வின் தொடக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். விரல் முன்போல் ஓடாமல் போகலாம். திருகை எங்கே நிறுத்துவது என்பது மட்டும் கைக்கு மறந்திருக்காது. அந்த இடத்தைப் பென்சிலால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.