மனமுதிர்ச்சி என்றால் அழாமல் இருப்பதா?

"எவ்வளவு திட்டினாலும் வாயே திறக்கமாட்டான், ரொம்ப மெச்சூர்டு பையன்."

"அப்பா தவறினப்போகூட ஒரு சொட்டு கண்ணீர் விடல, என்னா பக்குவம்!"

வீட்டிலும் கல்லூரி கேன்டீனிலும் அடிக்கடி காதில் விழும் பாராட்டுகள் இவை. உணர்ச்சியை வெளியே காட்டாதவரே மனமுதிர்ச்சி உள்ளவர் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். உளவியல் அப்படிச் சொல்லவில்லை.

ஜேம்ஸ் கிராஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1998-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். கையைத் துண்டிக்கும் அறுவை சிகிச்சை உள்ள படத்தை 120 பேருக்குப் போட்டுக் காட்டினார். ஒரு குழுவிடம் 'முகத்தில் எதையும் காட்டாதீர்கள்' என்றார். இன்னொரு குழுவிடம் 'உணர்ச்சிவசப்படாமல், விலகி நின்று பாருங்கள்' என்றார். மூன்றாவது குழு சும்மா பார்த்தது. முதல் இரண்டு குழுவினரின் முகத்திலும் அருவருப்பு குறைவாகவே தெரிந்தது. ஆனால் உள்ளே நடந்தது வேறு. விலகி நின்று பார்த்தவர்களுக்கு அருவருப்பே குறைந்தது. முகத்தை மட்டும் அடக்கியவர்களுக்கு அது குறையவில்லை. போதாததற்கு உடலின் பதற்றமும் ஏறியது!

அப்படியானால் மனதில் பட்டதை எல்லாம் கொட்டிவிடலாமா? அதுவும் இல்லை. 'நான் ஓப்பன் டைப்' என்று சொல்லிக்கொண்டு நாலு பேர் முன்னால் நண்பனைத் திட்டுவது முதிர்ச்சி ஆகாது.

ஹார்வர்டு மாணவர்களின் வாழ்க்கையைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வை வைத்து, ஜார்ஜ் வைலன்ட் 1977-இல் ஒரு நூல் எழுதினார. மனதின் முதிர்ந்த தற்காப்பு வழிகள் என்று அவர் சொன்னவற்றில் நகைச்சுவை உண்டு, பிறருக்கு உதவுவது உண்டு, தெரிந்தே தள்ளிவைப்பதும் உண்டு. தள்ளிவைப்பது வேறு, மறைப்பது வேறு. காமர்ஸ் மாணவர்களுக்கு இது எளிதில் புரியும். இருப்பாய்வு ஒத்துவராவிட்டால் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் வைப்பார்கள். பிழையைத் தேடிப் பிடித்து அந்தக் கணக்கை முடிக்க வேண்டும் என்பதும் அதோடு சேர்ந்த விதி. தேடாமலே விட்டுவிட்டால் அது கணக்கு அல்ல, ஏமாற்று.

தேர்வுக்கு முதல் நாள் வந்த சண்டையை மூன்று மணி நேரம் ஒதுக்கிவைத்து எழுதி முடித்துவிட்டு, மாலையில் 'நீ சொன்னது வலித்தது' என்று நண்பனிடம் நிதானமாகச் சொல்பவன்தான் முதிர்ந்தவன். அவன் கண் கலங்கினாலும் அந்த முதிர்ச்சி குறையாது.

வாயே திறக்காத பிள்ளையைப் பாராட்டும் ஒவ்வொரு முறையும், இனியும் திறக்காதே என்றுதான் சொல்லிக்கொடுக்கிறார்கள். 'என்னடா ஆச்சு?' என்று ஒரு முறை கேட்பது அந்தப் பாராட்டைவிடப் பெரிய உதவி.