தென்காசிக் காற்றும் இரும்புக் கொட்டகையும்

தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் வட்டங்களில் ஓலையும் ஓடும் வேய்ந்த களஞ்சியங்கள் குறைந்து, இரும்புத் தூண்களின்மீது துத்தநாகப் பூச்சுத் தகடு வேய்ந்த கொட்டகைகள் பெருகி வருகின்றன. மரம் கிடைப்பது அரிதாகிவிட்டது. கிடைத்தாலும் கறையான் விடுவதில்லை. ஆகவே குடியானவர்கள் இரும்பை நாடுவதில் குறை காண்பதற்கில்லை. குறை, அவர்கள் வேலையைத் தொடங்கும் முறையிலேயே உள்ளது. முதலில் தகடு விலை பேசப்படுகிறது. பின்னர் சதுர அடிக்கு இவ்வளவு என்று பட்டறைக்காரருடன் கூலி தீர்க்கப்படுகிறது. குழியின் ஆழமும் வாயிலின் திசையும் தூண் நடும் நாளன்றுதான் யோசிக்கப்படுகின்றன. வரைபடம் என்பதே இருப்பதில்லை.

இம்முறை வேறு ஊர்களில் பொறுக்கக்கூடியதாயிருக்கலாம். தென்காசியில் அவ்வாறன்று. ஆனி முதல் ஆவணி வரையில் தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாயின் வழியே நெருங்கிப் புகுந்து கிழக்கே பாய்கிறது. குற்றாலத்துச் சாரலை விரும்பி வருவோர் அக்காற்றை இன்பமென்பர். காசிவிசுவநாதர் கோயிலின் கோபுர வாயிலில் அது ஆளைத் தள்ளும் வேகத்தை அறியாதார் இவ்வட்டாரத்தில் இலர். சுரண்டை, ஆலங்குளம் பக்கங்களில் காற்றாலைகளை நிறுவியோர் இக்காற்றை நன்கு அளந்தே நிறுவினர். கொட்டகை போடுவோர் மட்டும் அதனை அளவாமல் விடுவது வியப்பே.

கொட்டகை இலேசானது, அதற்குப் பெரிய அஸ்திவாரம் வேண்டா என்று கூறுவோர் உளர். இக்கூற்றே கேட்டிற்கு மூலம். கல், செங்கல் கட்டிடத்திற்கு அஸ்திவாரம் தாங்குவதற்காக; இரும்புக் கொட்டகைக்கோ அது பிடித்து நிறுத்துவதற்காக. மங்களூர் ஓட்டுக் கூரை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 40 கிலோ எடையுள்ளது. அரை மில்லிமீட்டர் கனமுள்ள தகடோ 5 கிலோவுக்கு மேற்படாது. தன் எடையாலேயே ஓரளவு நிலைத்து நின்ற கூரையை நீக்கிவிட்டு, எடையற்ற கூரையை அதே இடத்தில் அதே ஆழக் குழியுடன் வைத்தால், காற்று அதனை எளிதில் தூக்கும்.

கணக்கைப் பார்க்கலாம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 875-ஆம் எண் விதி, மூன்றாம் பாகம், மதுரைக்கும் திருவனந்தபுரத்திற்கும் வினாடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 140 கிலோமீட்டர் காற்று வேகத்தை அடிப்படையாகக் கூறுகிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தென்காசிக்கும் அதனையே கொள்ளலாம்; மலைப்பாங்கான இடங்களில் உயர்த்திக்கொள்ளவும் விதியில் இடமுண்டு. அவ்வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு 93 கிலோ. 25 அடிக்கு 40 அடியுள்ள கொட்டகையின் கூரைமீது இது எட்டரை டன்னுக்குச் சற்று மேலாகும். தகடும் சட்டமும் தூணும் சேர்ந்தும் இரண்டு டன் தேறுவது கடினம். மேற்குப்புறம் திறந்து மற்றப் புறங்கள் அடைபட்டிருப்பின், உட்புகுந்த காற்று கீழிருந்து தள்ள, மேலே செல்லும் காற்று உறிஞ்ச, இரண்டும் ஒன்றுசேர்ந்து கூரையைப் பிடுங்கும்.

எட்டுத் தூண்களுக்கும் இரண்டரை அடி நீள, அகல, ஆழமுள்ள கான்கிரீட் அடிகள் போட்டால் அவற்றின் எடை மட்டும் எட்டரை டன் ஆகும். இதற்கு வேண்டும் சிமெண்ட் இருபது மூட்டைக்குச் சற்று மேல். தகட்டின் நிறத்திற்கும் பளபளப்பிற்கும் கூடுதல் விலை கொடுப்பவர் இதனைச் செலவென்று எண்ணுவது பொருந்தாது. பறந்து செல்லும் தகடு ஆளையோ மாட்டையோ வெட்டக்கூடியது என்பதையும் நினைக்க வேண்டும்.

கொட்டகையின் நீளம் கிழக்கு மேற்காக அமைந்து, குறுகிய பக்கம் காற்றை நோக்குதல் நலம். அம்மேற்குச் சுவரைச் செங்கல்லால் அடைத்து, வாயிலைக் கிழக்கே வைக்க வேண்டும். ஆயினும் வாயிலுக்கு உறுதியான கதவு அவசியம். 2017 நவம்பர் 30-ஆம் தேதி கன்னியாகுமரி அருகே கடந்த ஒக்கிப் புயலைப் போன்றவை தென்மேற்குப் பருவத்தை எதிர்பார்த்து வருவனவல்ல. நெடுஞ்சுவர்களில் தூணுக்குத் தூண் மூலைவிட்டமாகத் தண்டு கொடாத கொட்டகை சீட்டுக்கட்டைப்போல் ஒருபுறம் சாயும். காற்றின் உறிஞ்சுதல் கூரையின் ஓரங்களிலும் முகட்டிலுமே மிகுதியாதலால், அங்கே திருகாணிகளை நெருக்கமாக இடவேண்டும். பலர் எங்கும் ஒரே இடைவெளியில் இடுவர். முதலில் பெயர்வது ஓரத் தகடே.

தகடு வேய்வதைக் கிழக்கு முனையில் தொடங்கி மேற்கு நோக்கிச் செல்ல வேண்டும். அப்போது ஒவ்வொரு தகட்டின் மேல்விளிம்பும் காற்றுக்கு முதுகு காட்டி நிற்கும். சாரல் நீரும் இடுக்கில் ஏறாது.

மாசி, பங்குனியில் அறுத்த பிசான நெல்லை ஆனிச் சாரல் வரையில் வைத்திருப்போர்க்கு வேறொரு தொல்லையும் உண்டு. ஈரக்காற்று இரவில் குளிர்ந்த தகட்டின் அடியில் பட்டு நீர்த்துளியாகி மூட்டைகளின்மேல் சொட்டும். பழைய குலுக்கைகளில் இத்தொல்லை இல்லை. மண் அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொண்டது. முகட்டிலும் இறவாரத்திலும் காற்றுப் போக்கு வைத்து, மூட்டைகளை மரச்சட்டத்தின்மேல் சுவரினின்று ஒன்றரை அடி விலக்கி அடுக்குக. உரமூட்டைகளையும் மாட்டுத் தொழுவத்தையும் அதே கூரையின்கீழ் வைத்தல் ஆகாது. உப்பும் கோமூத்திரமும் துத்தநாகப் பூச்சை அரித்துவிடும். தகட்டின் இருபுறமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 275 கிராம் பூச்சு உள்ளதா என்று கேட்டு வாங்குக.

ஊராட்சிப் பணத்தில் எழும் களக் கொட்டகைகளிலும் இதே அசட்டை நேராதிருக்க, ஊராட்சித் தலைவர்கள் ஒரு நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம். திசை, குழியளவு, தண்டுகள் ஆகியன காட்டும் வரைபடம் பொறியாளர் கையொப்பத்துடன் வரும்வரை தகட்டுக்கு முன்பணம் கொடுத்தல் கூடாது. கான்கிரீட் கொட்டுமுன் ஒவ்வொரு குழியும் அளக்கப்பட்டு, அவ்வளவு கணக்குப் புத்தகத்தில் பதியப்பட வேண்டும். மூடிய குழியை எவரும் அளக்க முடியாது.