மலையாளி என்றால் யார்?

நாமக்கல் மாவட்டத்தில், 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் கொல்லிமலை. அங்கே வாழும் பழங்குடி மக்களின் பெயர் 'மலையாளி'. மலையில் வாழ்பவர், மலையை ஆள்பவர் என்று இதற்குப் பொருள் சொல்வர். அவர்களது தாய்மொழி தமிழ். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகப் பழங்குடிகளில் அதிக எண்ணிக்கை கொண்டவர்கள் இவர்களே. இருந்தும், மலையை விட்டு இறங்கியதும் இப்பெயரைக் கேட்பவர், "கேரளாவா?" என்று கேட்டுவிடுகிறார்.

இது வேடிக்கையான குழப்பம் அல்ல. பழங்குடியினர் பட்டியலில் உள்ள பெயர்தான் சாதிச் சான்றிதழிலும் இருக்க வேண்டும். உதவித்தொகை, விடுதி, வேலை எல்லாம் அந்த ஒரு சொல்லை நம்பியே இருக்கின்றன.

தனி மனிதரின் பெயருக்கும் இதே நிலைதான். தமிழரில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னெழுத்து. ஆந்திராவில் வீட்டுப் பெயர் முன்னே வரும். வடநாட்டில் குடும்பப் பெயர் பின்னே வரும். எல்லாருக்கும் ஒரே படிவம் தந்தால், நாம் கடைசிக் கட்டத்தில் தந்தை பெயரை எழுதுகிறோம். பிறகு வெளிநாட்டில் மகனை அப்பாவின் பெயரால் அழைக்கிறார்கள்! தமிழ்ச்செல்வி, யாழினி போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். ஆதாரில் ஒன்று, மதிப்பெண் சான்றிதழில் வேறொன்று. அதைத் திருத்த வேலையை விட்டு அலைபவர்கள் ஏழைகளே.

நம் பெயரைப் பிறர் சிதைக்கும்போது நமக்கு வலிக்கிறது. நாம் மட்டும் என்ன செய்கிறோம்? ஜார்க்கண்டிலிருந்து நம் ஊருக்கு வேலைக்கு வரும் சகோதரரை 'இந்திக்காரர்' என்கிறோம். அவர் ஒராவோன், முண்டா அல்லது சந்தால் பழங்குடியாக இருக்கலாம். வீட்டில் அவர் பேசுவது குடுக்காகவோ, முண்டாரியாகவோ, சந்தாலியாகவோ இருக்கலாம். அவர்களில் கத்தோலிக்கர் பலர் உண்டு. ஞாயிறு திருப்பலியில் நமக்குப் பின்வரிசையில் நிற்கிறார்கள். கொல்லிமலை மக்களிடம் "கேரளாவா?" என்று கேட்பதற்கும் நம் 'இந்திக்காரருக்கும்' என்ன வேறுபாடு?

திருமுழுக்குச் சடங்கில் பெற்றோரிடம் கேட்கப்படும் முதல் கேள்வியே, பிள்ளைக்கு என்ன பெயர் என்பதுதான். பதிலை அவர்கள் சொல்கிறார்கள். திருச்சபை கேட்டு ஏற்றுக்கொள்கிறது. பங்குப் பதிவேட்டில் எழுதுவோரும், பள்ளியில் சேர்க்கை எழுதும் ஆசிரியர்களும் இந்த ஒழுங்கையே பின்பற்றலாம்: கேட்போம், திருப்பிச் சொல்லிப் பார்ப்போம், எழுதியதை அவரிடமே காட்டுவோம். இதற்கு ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைத் தராவிட்டால், பல ஆண்டுகள் அலைய வேண்டியவர் அவர்தான்.

வரும் ஞாயிறு, பின்வரிசையில் நிற்பவரிடம் அவர் பெயரைக் கேட்போமா?