பொன்னாடையும் பெனிசிலினும்

சில மாதங்களுக்கு முன் மலையகத்துப் பட்டினம் ஒன்றில் ஒரு பாராட்டுக் கூட்டம் நடைபெற்றது. கொழும்பிலே இருதய சத்திரசிகிச்சை பெற்று உயிர் பிழைத்துத் திரும்பியிருந்த என் மாணவன் ஒருவனின் தாயாருக்குத் 'தியாகத் தாய்' என்று பட்டம் சூட்டிப் பொன்னாடை போர்த்தினார்கள். பேசியவர்கள் ஐவர். ஐவரும் தாய்மையைப் போற்றினார்கள்; பெற்ற வயிற்றின் பெருமையை எடுத்துரைத்துச் சபையோரைக் கண்கலங்க வைத்தார்கள். கூட்டம் கலைந்த பின்னர் அந்தத் தாயார் என்னைத் தனியே அழைத்துக் கேட்டார்:

"சேர், இன்னைக்கு ஒரு பேரு போச்சு. செவ்வாக்கெழம ஊசிக்குப் போகணும், அன்னைக்கும் பேரு இல்ல. இந்தத் துணிய எங்கயாச்சும் வெலைக்கு எடுத்துக்குவாங்களா?"

தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒருநாட் சம்பளம். ஐந்து சொற்பொழிவுகளுக்கும் சேர்த்து அவர் அளித்த மறுமொழி இதுவென்றே நான் கருதுகிறேன். மேடையில் இருந்தோர் அதைக் கேட்கவில்லை. ஆதலால் அதை எழுதவேண்டியுள்ளது.

பையனுக்கு வந்தது என்ன நோய்? பதினான்கு வயதில் அவனுக்குத் தொண்டைநோவு கண்டது. இரண்டு மூன்று வாரங்களின் பின் முழங்கால் வீங்கியது, அது வற்றக் கணுக்கால் வீங்கியது, கூடவே காய்ச்சல். வீட்டில் எண்ணெய் தேய்த்தார்கள். தோட்டத்து மருந்துச்சாலையில் பனடோல் கொடுத்தார்கள். 'வளர்கிற வயது' என்றனர் அயலவர். மறு வருடம், பாடசாலைக்கு ஏறிவரும் படிகளில் அவன் மூச்சிரைத்து உட்காரத் தொடங்கினான். அந்தத் தவணை அறிக்கையில் 'சோம்பல் அதிகம்' என்று எழுதியவன் வேறு யாருமல்லன், நானே. இதை ஒப்புக்கொண்ட பின்னரே பிறரைக் குற்றஞ்சாட்ட எனக்கு உரிமை உண்டு.

இந்நோயை வாதக் காய்ச்சல் என்பர். ஸ்ரெப்ரோகொக்கஸ் என்னும் பற்றீரியா தொண்டையில் தொற்றுகிறது. அதை எதிர்த்துப் போராட எழுந்த உடலின் காவற்படையே ஆள்மாறி மூட்டுகளையும் இருதயத்தையும் தாக்குகிறது. மூட்டு வீக்கம் வற்றிவிடும். இருதய வால்வுகளில் விழுந்த வடுவோ நிலைத்துவிடும். பெரும்பாலும் ஐந்து முதல் பதினைந்து வயது வரையான பிள்ளைகளையே இது பிடிக்கிறது. தொண்டைநோவை உரிய வேளையில் பெனிசிலின் கொண்டு தீர்த்தால் காய்ச்சல் வராமலே தடுக்கலாம். காய்ச்சல் வந்த பின்னும், ஒழுங்காக ஊசி போட்டுவந்தால் அது மீண்டும் மீண்டும் வந்து வால்வைக் கெடுப்பதைத் தடுக்கலாம். பெனிசிலின் கண்டுபிடிக்கப்பட்டது 1928 ஆம் ஆண்டில். ஏறக்குறைய நூறாண்டுப் பழைமையான, விலை குறைந்த ஒரு மருந்து உரிய நாளில் கிடைக்காமையால் ஒரு சிறுவனின் நெஞ்சைப் பிளக்க வேண்டியதாயிற்று. இதற்கு விதி என்று பெயர் சூட்டுவோர் விதியையும் அறியார், மருத்துவத்தையும் அறியார்.

இது யாரைத் தேடி வருகின்றது என்பதையும் சற்று ஆராய்வோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனிலும் நியூயோர்க்கிலும் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த பகுதிகளில் இந்நோய் பரவலாக இருந்தது. வீடுகள் திருந்தின, நெரிசல் குறைந்தது, பின்னர் பெனிசிலினும் வந்தது, அங்கே நோய் அருகியது. இன்றும் அது நீங்காதிருப்பது வறிய நாடுகளிலும், செல்வந்த நாடுகளின் புறக்கணிக்கப்பட்ட மக்களிடையேயுமாம். அவுஸ்திரேலியாவிலே ஆதிவாசி மக்களையும், நியூசிலாந்திலே மாவோரி மக்களையும் பசிபிக் தீவினரையும் அது இன்னும் வாட்டுகிறது. உலகெங்கும் ஏறத்தாழ ஐந்தரைக் கோடிப் பேர் வாத இருதய நோயுடன் வாழ்கின்றனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. 2018 ஆம் ஆண்டு உலக சுகாதார மாநாடு இதற்கெனவே ஒரு தீர்மானமும் நிறைவேற்றிற்று.

என் மாணவனின் வீடு, பத்தடிக்குப் பன்னிரண்டடியான ஒரு லயத்துக் காம்பரா. அதில் ஆறு பேர். இரவில் ஒருவர் இருமினால் ஐவரின் முகத்தில் அந்த மூச்சுப் படும். கோப்பிக் காலத்தில் கூலிகளை அடைத்துவைக்கக் கட்டிய வரிசை வீடுகளின் வாரிசுகள் இவை. பற்றீரியாவுக்குச் சாதியும் வர்க்கமும் இல்லை என்பது மெய்யே. ஆனால் அது வசிக்கும் காம்பராவுக்கு உண்டு.

சத்திரசிகிச்சையைப் பற்றி நான் குறை கூற மாட்டேன். 1960 ஆம் ஆண்டில் அமெரிக்கச் சத்திரவைத்தியர் அல்பேட் ஸ்ராரும் பொறியியலாளர் லொவல் எட்வேட்சும் உருவாக்கிய செயற்கை வால்வின் வழிவந்த ஒன்று, இன்று ஒரு தோட்டத் தொழிலாளியின் மகனுடைய மார்பில் இயங்குகிறது. அதற்காக அவனுடைய தகப்பனாரிடம் எவரும் பணம் கேட்கவில்லை. இலவச மருத்துவம் இந்நாட்டு மக்கள் பெற்ற பெருஞ் செல்வம். 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியில் மருந்துகள் அருகி, சத்திரசிகிச்சைகள் பிற்போடப்பட்டபோது, அச்செல்வத்தை இழந்தால் என்ன நேரும் என்பதைக் கண்டோம். அதைக் காப்பது நம் கடமை.

ஆனால் வைத்தியசாலை வாசலைத் தாண்டிய அக்கணமே நோயாளி குடும்பத்தின் தலையில் இறக்கப்படுகிறான். செயற்கை வால்வில் குருதி உறையாதிருக்க நாள்தோறும் வார்பரின் குளிசை. அது கூடினால் குருதி கசியும், குறைந்தால் உறையும். ஆதலால் அடிக்கடி குருதிப் பரிசோதனை. கீரையைக் கூட ஒருநாள் மிகுதியாகவும் ஒருநாள் இல்லாமலும் உண்ணாமல் ஒரே அளவில் உண்ணவேண்டும். பல்லில் சீழ் பிடித்தால் அது வால்வுக்கே ஆபத்து. எல்லாவற்றுக்கும் மேலாக, காய்ச்சல் மீளாதிருக்க, மூன்று வாரத்துக்கு ஒரு பெனிசிலின் ஊசி. அதுவும் பல்லாண்டு காலம்.

கணக்கைப் பாருங்கள். ஆண்டுக்கு 17 ஊசி. மாதம் ஒன்றாகப் பார்த்தால் 12 குருதிப் பரிசோதனை. இவை வெவ்வேறு நாட்களில் அமைந்தால் 29 நாட்கள். நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கிற்கூட 39,150 ரூபா, கூட்டிச் செல்பவரின் கூலியில் மட்டும் கரைகிறது. பஸ் கட்டணம் வேறு. ஊசி இலவசந்தான், ஊசி போடச் செல்லும் பாதை இலவசமன்று.

இந்த இடைவெளியை அக்குடும்பம் எதைக்கொண்டு நிரப்பியது என்பதைப் பாராட்டுக் கூட்டத்தில் ஒருவராவது கேட்டாரா? பையனுக்கு ஓர் அக்காள் இருக்கிறாள். உயர்தர வகுப்பில் என்னிடமே தமிழ் கற்றவள், நன்றாகக் கற்றவள். தம்பியை அழைத்துச் செல்ல ஓர் ஆள் வேண்டும், தாயும் தகப்பனும் வேலையை விட முடியாது என்றபோது, அவளே படிப்பை விட்டாள். அவளுக்கு யாரும் பொன்னாடை போர்த்தவில்லை. போர்த்தியிருந்தாலும் நான் கைதட்டியிருக்க மாட்டேன். ஒரு பிள்ளை எழுவதற்கு இன்னொரு பிள்ளை விழவேண்டும் என்றால், அதைத் தியாகம் என்று புகழ்பவர்கள் அந்த வீழ்ச்சியின் பங்காளிகளே.

பாடசாலையின் கதை இன்னும் வெட்கக்கேடானது. நான்கு மாதம் வராத பிள்ளையின் பெயரை இடாப்பிலிருந்து நீக்கிவிடலாம் என்று எங்கள் ஆசிரியர் அறையில் ஓர் ஆலோசனை எழுந்தது. அவன் எழுதினால் தேர்ச்சி வீதம் குறையுமாம்! அதே கிழமையில் அத்தாயார் வந்து, "பாரமான வேல கூடாதுன்னு டொக்டர் சொன்னாரு சேர். படிப்பு பாரமா இல்லையான்னு கேக்க மறந்துட்டேன்" என்றார். பிள்ளைக்குப் படிப்பு பாரமன்று. எங்களுக்குத்தான் பிள்ளை பாரமாகத் தோன்றினான். நாங்கள் இருவர் மூவர் வாதாடியதால் பெயர் நிலைத்தது. வாதாட ஆளில்லாத பாடசாலைகளில் என்ன ஆகும்?

இலக்கியம் படைக்கும் நண்பர்களுக்கும் ஒரு சொல். இருதயம் என்றவுடன் நமக்கு உவமையே நினைவுக்கு வருகிறது. நம் கதைகளிலும் திரைப்படங்களிலும் இருதய நோயாளி அழகாக இருமி, அழகாக மன்னித்து, அழகாக இறக்கிறான். அவன் பிழைத்த பின்னர் ஆண்டுக்கு 17 தடவை பஸ்ஸுக்குக் காத்து நிற்பதை எழுதுவோர் மிகக் குறைவு. தாயின் கண்ணீரை எழுதுவது எளிது. அவள் இழந்த பேரைக் கணக்கிடுவதுதான் யதார்த்தம்.

'அப்படியானால் குடும்பத்தின் அன்பு வேண்டாமா?' என்று சிலர் கேட்கக்கூடும். வேண்டும். இரவு அடங்கிய பின் அவன் மார்பிலிருந்து வால்வின் மெல்லிய 'டிக்' ஒலி கேட்கிறது. அது கேட்கும் வரை தாயார் கண்ணயர்வதில்லை. மூன்றாம் மாதம் முதன்முறையாகப் பீலிக்கரை வரை அவனை நடத்திச் சென்றவர், கவ்வாத்து வெட்டிக் களைத்து வந்த தகப்பனார். இவற்றை எந்த அரசாங்கமும் செய்ய முடியாது, செய்யவேண்டியதுமில்லை. அன்பு செய்யக்கூடியதை அன்பு செய்யட்டும். பஸ்ஸும் சம்பளமும் வீடும் செய்யவேண்டியதை அன்பின் தலையில் சுமத்தாதீர்கள்.

நாம் கேட்பவை பெரியவையல்ல. பெனிசிலின் ஊசியும் குருதிப் பரிசோதனையும் ஒரே நாளில், தோட்டத்துக்கு அண்மையிலேயே கிடைக்கட்டும். பிள்ளையைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லும் நாளுக்குச் சம்பளம் வெட்டப்படாதிருக்கட்டும். நோயுற்ற மாணவனின் இடம் பாடசாலையில் உரிமையாகக் காக்கப்படட்டும். தொண்டைநோவையும் மூட்டு வீக்கத்தையும் கண்டவுடன் ஐயுறுவதற்கு ஆசிரியர்களும் தோட்டத்து மருந்துச்சாலையினரும் பயிற்றப்படட்டும். நான் செய்த தவறை இன்னொருவர் செய்யாதிருக்க அதுவே வழி. லயங்கள் போய் வீடுகள் வரட்டும். இவை பிச்சையல்ல, தேயிலை பறித்து இந்நாட்டைத் தாங்கிய கைகளுக்குரிய பாக்கி.

பையன் இப்போது மீண்டும் வகுப்புக்கு வருகிறான். படிகளில் ஒருமுறை மட்டுமே நிற்கிறான். அவனுடைய அக்காள் இன்னும் வரவில்லை. அவளும் அந்தப் படிகளில் ஏறி வரும் நாளில் கூட்டம் வையுங்கள். நானும் வந்து பேசுகிறேன்.