காலிக் கட்டம்னா 'கவலை இல்லை'ன்னு அர்த்தமா?

தேன் திருடுற ரெண்டு பேரை ஒப்பிடுவோம். ஒன்னு ஹனி பேட்ஜர், தமிழில் தேன்வளைக்கரடி. இன்னொன்னு முதுகில் மண்டையோடு வரைஞ்ச மாதிரி இருக்கிற டெத்ஸ் ஹெட் அந்துப்பூச்சி. 'தி சைலன்ஸ் ஆஃப் தி லேம்ப்ஸ்' போஸ்டரில் பார்த்திருப்பீங்க. முதல் ஆள் தடித்த தோலை நம்பிக் கூட்டை உடைப்பார். ரெண்டாவது ஆள் தேனீ வாசனையோடயே உள்ளே நுழைஞ்சு குடிச்சிட்டு வருவார்.

வகைப்பாட்டில் ரெண்டும் விலங்குகள்தான். ஆனா அடுத்த படியிலேயே பாதை பிரியுது. ஒன்னு முதுகுநாணி, பாலூட்டி, நீர்நாயோட குடும்பம். மற்றது கணுக்காலி, பூச்சி, பட்டாம்பூச்சியோட வரிசை. பெயரை நம்பாதீங்க: தேன்வளைக்கரடி கரடியும் இல்லை, ஐரோப்பிய பேட்ஜரோட நெருங்கிய சொந்தமும் இல்லை. மெல்லிவோரா என்ற பேரினத்தில் இன்னைக்கு அது ஒன்னு மட்டும்தான்.

இப்போ பாதுகாப்பு நிலை. ஐயுசிஎன் சிவப்புப் பட்டியலில் தேன்வளைக்கரடி 'லீஸ்ட் கன்சர்ன்'. அதாவது ஆய்வு பண்ணி, உலக அளவில் இப்போதைக்கு அழியும் ஆபத்து குறைவுன்னு சொல்லியிருக்காங்க. அப்படியிருந்தும் இந்தியாவின் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் அதை முதல் அட்டவணையில் வைச்சிருக்கு. ஒரே விலங்குக்கு ரெண்டு அளவுகோல்.

அந்துப்பூச்சிகள் பக்கம் வந்தா பெரும்பாலும் காலிக் கட்டம்தான். பாலூட்டிகளில் பெரும்பாலானவற்றை மதிப்பிட்டாச்சு. ஆனா பெயர் வைச்ச சுமார் 10 லட்சம் பூச்சி இனங்களில் மதிப்பிட்டது ஏறக்குறைய 1 சதவீதம்தான்.

டேட்டாபேஸ் படிச்ச எல்லாருக்கும் தெரியும், நல்லும் ஜீரோவும் ஒன்னு இல்லை. 'மதிப்பிடவில்லை'ங்கிறது நல். அதை 'ஆபத்து இல்லை'ன்னு படிக்கிறதுதான் பிரச்சினை. நாளைக்கு நம்ம சிவில் நண்பர் ஒருத்தர் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையில் வேலை பார்ப்பார். 'அழிவின் விளிம்பில் உள்ள இனங்கள் எதுவும் இல்லை'ன்னு ஒரு வரி எழுதுவார். அந்த 'எதுவும் இல்லை'யில் தேடிப் பார்க்காதது எத்தனை? இரவில் பூக்கிற பூவுக்கு மகரந்தம் கொண்டு போறதும், பறவைக் குஞ்சுக்குப் புழுவா இரையாகிறதும் இந்த அந்துப்பூச்சிகள்தான்.

எல்லாப் பூச்சியையும் மதிப்பிட ஆளும் பணமும் இல்லைங்கிறது நியாயமான பதில். அப்படின்னா, தெரியாததைத் 'தெரியாது'ன்னே எழுதுவோம். டேட்டா சேர்க்க நம்மாலும் முடியும். ஜூலை கடைசியில் தேசிய அந்துப்பூச்சி வாரம் வருது. ஹாஸ்டல் மாடியில் ஒரு வெள்ளை வேட்டி, ஒரு பல்பு, ஒரு போன் கேமரா போதும். படத்தை ஐநேச்சுரலிஸ்ட்டில் ஏத்துங்க. காலிக் கட்டம் நிரம்ப அதுவும் ஒரு தொடக்கம்தான்.