பயிர் வெளுத்தால் யூரியா மூட்டையா?

ஐப்பசி மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருக்கும். சம்பா நட்டு இருபது, இருபத்தைந்து நாள் ஆகியிருக்கும். வரப்போடு போகிற பக்கத்து வயல்காரர் ஒரு நிமிஷம் நின்று, ''என்னப்பா, பயிர் வெளுத்துக் கிடக்கு? ஒரு மூட்டை யூரியாவைப் போட வேண்டியதுதானே?'' என்று கேட்டுவிட்டுப் போவார். அவ்வளவுதான். காவிரி டெல்டாவில் பல வீடுகளில் அன்று சாயங்காலமே மூட்டை பிரிந்துவிடும்.

குற்றம் சொல்லவும் முடியாது. 45 கிலோ யூரியா மூட்டை, மானிய விலையில் 266 ரூபாய் 50 காசு. 50 கிலோ டி.ஏ.பி. 1,350 ரூபாய். பொட்டாஷ் ஆயிரத்தைத் தாண்டி வெகுநாளாகிறது. கையிருப்பு குறைவாக இருக்கும்போது எது மலிவோ அதுதானே வயலுக்குப் போகும்? போட்ட சில நாளில் பயிர் கரும்பச்சையாகத் திரும்புவது வேறு கண்ணுக்குக் குளிர்ச்சி!

ஆனால், வெளுப்பதெல்லாம் தழைச்சத்துப் பசி அல்ல. எந்த இலை வெளுத்திருக்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டும்.

தழைச்சத்து பயிருக்குள் இடம் மாறக்கூடியது. பற்றாக்குறை வந்தால், பயிர் தன் கிழ இலையில் இருப்பதை உருவிக் குருத்துக்கு அனுப்பும். வீட்டுப் பெரியவர் தன் தட்டில் இருப்பதைப் பேரனுக்கு எடுத்து வைப்பது போல. அதனால் அடியிலை நுனியிலிருந்து மஞ்சளாகும். குருத்து ஓரளவு பச்சையாகவே நிற்கும். இரும்பும் கந்தகமும் அப்படி எளிதில் நகராது. அந்தக் குறைகளில் புது இலைதான் முதலில் வெளிறும்.

அடியிலையில் துருப்பிடித்தது போலப் பழுப்புப் புள்ளிகள், பயிர் குட்டை, வயலில் அங்கங்கே திட்டுத் திட்டாகப் பாதிப்பு. நட்டு இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் இப்படித் தெரிந்தால், துத்தநாகக் குறை என்று சந்தேகப்படலாம். களர் நிலத்திலும், தண்ணீர் வடியாமல் கிடக்கும் வயலிலும் இது அதிகம். இங்கே மூட்டை மூட்டையாக யூரியா கொட்டினாலும் புள்ளி மறையாது. 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் ஜிங்க் சல்பேட், 100 கிராம் யூரியா கலந்து இலையில் தெளிக்க வேண்டும். 15 நாள் கழித்தும் அறிகுறி இருந்தால் மறுபடி ஒருமுறை. அடுத்த போகத்தில் நடவுக்கு முன்பே ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை மணலில் கலந்து தூவிவிட்டால் இந்த அலைச்சல் இல்லை. அதை டி.ஏ.பி.யோடு சேர்த்துப் போடுகிற பழக்கம் சிலரிடம் உண்டு. மணிச்சத்து துத்தநாகத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்; இரண்டு காசும் வீண்.

இன்னொரு சோதனைக்குச் செலவே இல்லை. ஒரு தூரைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். வேர் கறுத்து, அழுகிய முட்டை வாடை அடித்தால், பயிர் கேட்பது உரம் அல்ல, காற்று. தண்ணீரை வடித்து, மண் லேசாக வெடிக்கும்வரை விட்டுவிட்டு அப்புறம் பாய்ச்சலாம். வடிகால் வாய்க்கால் தூர்ந்து கிடக்கிற ஊரில் இதைச் சொல்வது சுலபம், செய்வது கஷ்டம்தான்.

இதெல்லாம் இல்லை, தழைச்சத்துதான் குறைகிறது என்றால் எவ்வளவு போடுவது? அதற்குத்தான் இலை வண்ண அட்டை. பச்சையின் சாயல்களை வரிசையாகக் காட்டும் சின்ன பிளாஸ்டிக் பட்டை. நட்ட 14-ம் நாளிலிருந்து பூக்கும்வரை வாரம் ஒருமுறை, காலை 8 முதல் 10 மணிக்குள், வயலில் பத்து இடத்தில், மேலே முழுதாக விரிந்த இலையை அட்டையோடு ஒப்பிட வேண்டும். வெயில் இலையில் படாதபடி முதுகால் மறைத்துக்கொள்வது முக்கியம். ஒரே ஆள் பார்ப்பதும் முக்கியம். அப்பா ஒரு வாரம், மகன் ஒரு வாரம் பார்த்தால் பச்சை மாறிவிடும்!

வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற பெரும்பாலான ரகங்களுக்கு 4 என்பது எல்லைக்கோடு. பத்தில் ஆறு இலையாவது அதற்குக் கீழே இருந்தால் மட்டும் மேலுரம். சம்பாவுக்கு ஒரு தடவைக்கு எக்டருக்கு 30 கிலோ தழைச்சத்து என்பது பரிந்துரை. யூரியாவில் தழைச்சத்து 46 சதவிகிதம். கணக்குப் போட்டால் ஏக்கருக்குச் சுமார் 26 கிலோ யூரியா. பக்கத்து வயல்காரர் சொன்ன ஒரு மூட்டையில் பாதியை விடக் கொஞ்சம்தான் அதிகம்.

மீதி 19 கிலோ போனால் என்ன? நூறு, நூற்றுப்பத்து ரூபாய்தானே என்று தோன்றும். செலவு அங்கே இல்லை. கொழுத்த இலை மெத்தென்று ஆகும், இலைச்சுருட்டுப்புழுவுக்கு விருந்து. அடர்ந்த தூர்களுக்குள் புகையான் குடியேறும், குலைநோய் பரவும். மருந்துக்கடைக்கு இரண்டு நடை. பிறகு உயரமான வெள்ளைப் பொன்னி, கதிர் கனத்து, மார்கழிக் காற்றில் படுத்துவிடும். சாய்ந்த பயிரை அறுக்க இயந்திரத்துக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். வாடகையோ மணிக்கணக்கு. தண்ணீரில் கிடந்த கதிர் முளைத்துவிட்டால், கொள்முதல் நிலைய வாசலில் ஈரப்பதம் பற்றிய பேச்சு தனி.

அறுவடை முடிந்து, பங்குனி, சித்திரையில் வயல் காய்ந்து கிடக்கும்போது மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடலாம். வரப்போரம், மரத்தடி, எருக்குவியல் கிடந்த இடம் தவிர்த்துப் பத்துப் பதினைந்து இடத்தில் அரை அடி ஆழத்துக்கு 'வி' போல வெட்டி, பக்கவாட்டில் மேலிருந்து கீழாகச் சீவி எடுத்த மண்ணை நிழலில் உலர்த்தி, கலந்து, கால்பங்காகக் கழித்துக் கழித்து அரை கிலோவாக்கினால் போதும். துணிப்பையிலோ, சுத்தமான பாலித்தீன் பையிலோ போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் மடித்து வைத்திருக்கும் பழைய உரச் சாக்கு மட்டும் வேண்டாம்; அதில் ஒட்டியிருக்கும் நாலு குருணை யூரியாவே முடிவைக் கெடுத்துவிடும்.