நாலு வரி ஓரவஞ்சனை

வல்லத்திலிருந்து ஒரு தாயார் கடிதம் எழுதியிருக்கிறார். தஞ்சாவூரை அடுத்த வல்லம் அல்ல, நேயர்களே. விழுப்புரம் மாவட்டத்தில், செஞ்சிப் பக்கத்து வல்லம். அவருடைய பெண் காலேஜில் கால்பந்து ஆடுகிறாள். காலேஜ்களுக்குள் நடந்த போட்டியில் இவர்கள் கோஷ்டிக்கு வெற்றி; அந்த வெற்றி கோலைப் போட்டவளும் இவள்தான்.

மறுநாள் விடியற்காலையில் தகப்பனார் கடைக்கு ஓடிப் பத்திரிகை வாங்கி வந்தாராம். செய்தி இருந்தது, நாலே வரி. அதில் மூன்று வரி, கோப்பை வழங்கிய பிரமுகரின் பெயருக்கும் பட்டங்களுக்கும் போய்விட்டது. பக்கத்திலேயே ஆண் பிள்ளைகளின் ஆட்டம்: படம், கோல் போட்ட பையனின் பெயர், அவன் ஊர், எத்தனையாவது நிமிஷம் என்பது உள்பட.

இதோடு போனால் பரவாயில்லை. "பொம்பளைப் பிள்ளைக்கு அரை நிஜார் என்ன வேண்டிக்கிடக்கு?" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்த தாத்தா, "பேப்பரில் பேர் வந்தால் ஒப்புக்கொள்கிறேன்" என்று ஒரு வாக்குக் கொடுத்திருந்தாராம். பேர் வரவில்லை. இப்போது ஆட்டத்தை நிறுத்தச் சொல்கிறார். "பத்திரிகைக்காரர்கள் வேண்டுமென்றே சதி செய்கிறீர்களா?" என்று கேட்கிறார் அந்த அம்மாள்.

சதி இல்லை, அம்மா. சதியென்றால் செய்தவனைப் பிடித்துக் கேட்டுவிடலாம். இது பழக்க தோஷம். பெண்கள் ஆட்டத்துக்கு நிருபரை அனுப்புவது அபூர்வம். மாலையில் யாரோ முடிவை மட்டும் சொல்லுவார். விழா ஏற்பாடு செய்தவரானால் பிரமுகரின் பெயரை மறக்காமல் சொல்லுவார். கோல் போட்டது யார் என்று திருப்பிக் கேட்க வேண்டியவன் கிரிக்கெட் ஸ்கோரில் மூழ்கியிருப்பான். இரவு இடம் பற்றாமல் போனால் முதலில் கத்தரி விழுவதும் அந்த நாலு வரிக்குத்தான். "படிக்க ஆள் இல்லை" என்பார்கள். எழுதாத செய்தியை யார் படிப்பது? நானும் இந்தத் தொழிலில் இருப்பவன்தான்; கொஞ்சம் வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

நம்மூர் நோய் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் சில பேராசிரியர்கள் 1989 முதல் டெலிவிஷன் விளையாட்டுச் செய்திகளைக் கடிகாரம் வைத்து அளந்து வருகிறார்கள். அந்த வருஷம் பெண்கள் ஆட்டத்துக்குக் கிடைத்த நேரம் நூற்றுக்கு 5 பங்கு. முப்பது வருஷம் கழித்து, 2019-ல், 5.4! ஆமை கூட இதற்குள் அமெரிக்காவைச் சுற்றி வந்திருக்கும்.

தாத்தாவிடம் ஒன்று சொல்லுங்கள். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த தேசியப் பெண்கள் கால்பந்துப் போட்டியில், வருஷா வருஷம் கோப்பையை அள்ளிக்கொண்டு போய்ப் பழகிய மணிப்பூரை 2-1 என்று தோற்கடித்து, முதல் தடவையாகப் பட்டம் வென்றது தமிழ்நாடு. 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று மறுபடியும் கோப்பை வாங்கினார்கள். இந்தியாவுக்காக ஆடிய இந்துமதி கதிரேசன் எந்த ஊர்? உங்களுக்கு வெகு தூரம் இல்லை, கடலூர்தான்! கால்பந்து ஆடியவர் தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராகவும் ஆனார். 2020-ல் ஊரடங்கின்போது அவர் சென்னைத் தெருவில் காவல் நின்றதைப் பத்திரிகைகள் எழுதின. நல்ல விஷயம்தான். ஆனால் அவர் போட்ட கோல்களை எண்ணிச் சொல்ல நம் வீடுகளில் எத்தனை பேரால் முடியும்? கிரிக்கெட்காரர்களின் ரன் கணக்கோ குழந்தைக்குக் கூடத் தலைகீழ்ப் பாடம்.

அடுத்த மாட்சுக்கு ஒரு யோசனை. ஆட்டம் முடிந்த கையோடு, பெண்களில் ஒருத்தியே ஒரு தாளில் எழுதட்டும்: யார் யாரோடு ஆடியது, எத்தனை கோல், போட்டவள் பெயர், இனிஷியல், ஊர், நிமிஷம். பிரமுகர் கடைசி வரியில் இருக்கட்டும். ஒரு படத்தோடு, இருட்டுவதற்குள் பத்திரிகை ஆபீஸுக்கு அனுப்பிவிடுங்கள். எழுதி வந்ததைத் தூக்கிப் போட உதவி ஆசிரியருக்குக் கொஞ்சம் மனம் கூசும். அப்படியும் போடாவிட்டால் ஆசிரியருக்கே கடிதம் எழுதுங்கள். எனக்கு எழுதியதைப் போலவே காரமாக.

இன்னொன்று, அம்மா. நாலு பக்கக் கடிதத்தை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். மாமனார் பெயர் இருக்கிறது, அந்தப் பிரமுகரின் பெயர் கூட இருக்கிறது. கோல் போட்ட பெண்ணின் பெயரை நீங்களும் எழுதவில்லை! அடுத்த தபாலில் எழுதி அனுப்புங்கள்.